மாமனாரின் மூத்திரப் பையும் என் வாயும்

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என் மாமனார் என்னை ஒரு தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க விட்டதில்லை. தேவிகாபுரத்தில் நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதல் வேலையாக என் கையிலிருக்கும் பை அவர் கைக்குப் போய்விடும். அதில் ஒரு லுங்கியும் துண்டும்தான் இருக்கும். அதைக் கோயில் நகைப் பெட்டி மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பார். வீட்டுக்குள் நான் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். அதுவும் என் எதிரில் அல்ல, கொஞ்சம் தள்ளி, கதவோரமாக. நான் எழுந்தால் அவரும் எழுந்துவிடுவார். இது தெரிந்த பிறகு, பொழுது போகாத சில மத்தியானங்களில் சும்மாவே இரண்டு தரம் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன். அந்தப் பாவத்துக்கெல்லாம் வட்டி போட்டு வசூலாகிறது என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் அதே மனிதருடைய மூத்திரப் பையை நான் தினம் ஐந்தாறு தரம் கையில் எடுக்கிறேன்.

புராஸ்டேட் வீங்கி அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. ஆபரேஷன் செய்யலாம்தான். ஆனால் ஐம்பது வருஷம் பீடி குடித்த நுரையீரல் மயக்க மருந்தைத் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆகவே டியூப். ஒரு முனை அவருக்குள்ளே, மறுமுனை வெளியே தொங்கும் பையில். மாமியார் போய் நாலு வருஷம் ஆகிறது. தேவிகாபுரத்தில் தனியாக டியூபோடு இருக்க முடியாதென்று என் மனைவி அவரை ஆரணிக்கு அழைத்துவந்தாள். அழைத்துவந்து ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, மறுநாள் காலை பெரணமல்லூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர். நானோ வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவன். கரை, முந்தானை, புட்டா என்று கட்டம் கட்டமாகக் கலர் நிரப்பிக் கொடுத்தால், அதைப் பார்த்துத் தறியில் மாட்டும் அட்டையில் துளை அடிப்பார்கள். நாளெல்லாம் வீட்டில் கிடப்பவன் சும்மா கிடப்பவன் என்று உலகம் முடிவு செய்து ரொம்ப நாளாகிறது. பகல் டியூட்டி எனக்கு வந்தது.

டியூப் மாற்றுவதற்கு அடுத்த தெருவில் ஒரு சிஸ்டர் இருந்தார். அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்கூட்டியில் வருவார், ஸ்கூட்டி நிற்பதற்குள் பேச ஆரம்பித்துவிடுவார். முதல் நாள் எனக்குப் பாடம் எடுத்தார்.

"தம்பி, நல்லா கேட்டுக்கோ. பை எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கணும். ஆனா தரையில படக்கூடாது. டியூப் எங்கயும் மடங்கக்கூடாது. பை முக்கால்வாசி ரொம்பறதுக்குள்ள கீழ கீற மூடியத் தொறந்து காலி பண்ணிடு. முன்னாடியும் சோப்பு போட்டுக் கை கழுவு, பின்னாடியும் கழுவு. இன்னா ஆனாலும் டியூபப் புடிச்சி இழுக்காத. உள்ள ஒரு பலூன் ஊதி வெச்சிருக்கு. அது அப்படியே கிழிச்சிகினு வரும்."

கிழிக்கிற இடம் மாமனாருடையது. ஆனால் இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டது நான்.

"இன்னாப்பா, உனக்கா மாட்டினேன்?" என்றார் சிஸ்டர்.

மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு வலியைவிடப் பெரிய கஷ்டம், இதெல்லாம் மாப்பிள்ளைக்கு முன்னால் பேசப்படுகிறதே என்பது.

ஐந்தே விதி. எல்.கே.ஜி. பிள்ளைக்குக்கூடப் புரியும். முதல் விதியை நான் மூன்றாம் நாளே மீறினேன். மீறியது நானல்ல, இந்த ஊர்ப் பழக்கம் என்று வாதாட எனக்கு உரிமை உண்டு.

அன்றைக்கு தேவிகாபுரத்திலிருந்து அவருடைய பங்காளி ஒருவர் பார்க்க வந்தார். ஆட்டோ சத்தம் கேட்டதும் மாமனார் பதறிப்போய், "மாப்ள, அத்த மட்டும் கொஞ்சம் மறைச்சிடுங்க" என்றார். பையின் பெயரை அவர் சொன்னதே கிடையாது, எப்போதும் "அது"தான். கைக்குக் கிடைத்தது பட்டுப் புடவைக் கடைத் துணிப்பை. அதற்குள் இதைப் போட்டேன். போட்ட பிறகு கை தானாக என்ன செய்தது என்றால், அதைத் தூக்கிச் சுவரில் தலைக்கு மேல் இருந்த ஆணியில் மாட்டியது. புடவைப் பையை எங்கள் ஊரில் யாரும் தாழ வைக்க மாட்டார்கள். கால் படும், ஈரம் படும், எறும்பு ஏறும். அதற்கென்றே ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஆள் உயரத்துக்கு ஓர் ஆணி இருக்கும். பிறந்ததிலிருந்து அந்த ஆணியில் மாட்டிப் பழகிய கை, உள்ளே இருப்பது பட்டா, வேறு ஏதாவதா என்று யோசிக்குமா? டியூபைத் தலையணைக்குப் பின்னால் மறைத்துவிட்டேன்.

பங்காளி உட்கார்ந்தார். நலம் விசாரித்தார். அவர் கண் ஆணிக்குப் போனது.

"புடவையா மாப்ள?"

"ஆமாங்க."

"கரை இன்னா கலரு?"

"மஞ்சள்" என்றேன். வாய் சும்மா இருந்தால்தானே.

"மங்களகரமா கீது. எடுங்க பாக்கலாம்."

"இன்னும் நெசவு முடியலைங்க. சொட்டு சொட்டா வந்துகினு கீது."

மாமனார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வெட்கம் என்று நினைத்தேன். பங்காளி காபி குடித்து, வெற்றிலை போட்டு, ஊர்க் கதையெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்ப ஒரு மணி நேரமானது. அவர் போனதும் பார்த்தால் மாமனாரின் நெற்றியெல்லாம் வேர்வை, அடிவயிறு பானை மாதிரி. சிஸ்டருக்குப் போன் போட்டேன்.

"பை எங்க கீது?"

"ஆணியில."

"எந்த ஆணி?"

"தலைக்கு மேல சிஸ்டர்."

அந்தப் பக்கம் ஸ்கூட்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது.

"ஏன் தம்பி, உங்கூர்ல தண்ணி மேட்டுக்கு ஏறுமா?"

பையைக் கீழே இறக்கியதும் ஓடியது. மாப்பிள்ளை ஆணியில் மாட்டினால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று மாமனார் ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். மரியாதை என்பது சில சமயம் உயிரை எடுக்கும் சமாச்சாரம் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் ஒரு தரம் டியூப் நிஜமாகவே அடைத்துக்கொண்டது. கவனிக்கத் தாமதமாகி, குளிரும் காய்ச்சலும் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் வேகத்தில் அவருக்கு நினைவு தப்பி, டியூபைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் பாடம் நடந்திருக்கிறதே. வேறு வழியில்லாமல் அவருடைய இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டினார்கள். இரண்டு நாள் அப்படிக் கிடந்தார். நினைவு வந்தபோது கை கட்டியிருந்தது. அதற்குக் காரணம் அவருக்கு ஞாபகமில்லை, கட்டு மட்டும் ஞாபகத்தில் தங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொன்னார். "மாட்டக் கட்டற மாதிரி கட்டிட்டாங்கம்மா. நான் எத்தனையோ மாட்டக் கட்டியிருக்கேன். அதுக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பதான் தெரியுது. இனிமே என்னை அங்க தூக்கினு போவாதீங்க. இன்னா ஆனாலும் இங்கயே ஆவட்டும். சத்தியம் பண்ணும்மா."

அவள் செய்தாள். மாமனார் என்னிடம் இதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் சத்தியம் கேட்பது மரியாதை இல்லையாம். ஆனால் சத்தியத்தைக் காப்பாற்ற வேண்டிய பகல் டியூட்டி என்னுடையது.

மறுபடி அடைக்காமல் இருக்க என்ன வழி என்று சிஸ்டரைக் கேட்டோம். "தண்ணி, தண்ணி, தண்ணி" என்றார். நாளைக்கு இரண்டரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். அப்போதுதான் வண்டல் தங்காமல் டியூபைக் கழுவிக்கொண்டு வரும்.

இங்கேதான் என் திறமை வெளிப்பட்டது. எனக்குத் தெரிந்தது கட்டம் போடுவது. ஒரு பெரிய கிராப் தாளை எடுத்துக் கட்டிலுக்கு எதிரே ஒட்டினேன். உள்ளே போகும் தண்ணீருக்கு நீலம், வெளியே வருவதற்கு மஞ்சள், நூறு மில்லிக்கு ஒரு கட்டம். அரை லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கட்டில் பக்கம் வைப்பேன். காலியானதும் ஐந்து கட்டம் நீலம். மாமனார் சமர்த்தாக ஐந்து பாட்டிலையும் காலி செய்தார். நீலம் தினமும் ஒரே உயரத்துக்கு ஏறி நின்றது. மஞ்சள் மட்டும் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. ஏறி நின்ற நீலமும் இறங்கும் மஞ்சளும் சேர்ந்து கோபுரக் கரை மாதிரி அழகாக வந்தது. இந்த இடத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்து எனக்கு சந்தேகம் வரவில்லை, டிசைன் வந்தது. அதே வடிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு பார்டர் போட்டு அனுப்பினேன். நல்ல பேர் வாங்கியது. அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற பெண்களுக்கு இது தெரியாமல் இருப்பதே நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு பயம் வந்தால் வாய் ஓடும். டியூபைப் பார்த்தாலே அடிவயிற்றைப் பொத்திக்கொள்கிறவன், பையைக் காலி செய்யும்போது வேறு என்ன செய்வது? "அடேங்கப்பா, இன்னைக்கு நல்ல வரத்து" என்பேன். "இன்னா மாமா, காலையிலேயே ஏரி ரொம்பி கோடி போவுது" என்பேன். அவர் சிரிக்க முயற்சி செய்வார். மாப்பிள்ளை ஜோக் சொன்னால் சிரிப்பதும் மரியாதையில் சேர்ந்ததுதானே.

ஒருநாள் தறிக்காரர் ஒருவர் போனில் டிசைன் எங்கே என்று கேட்டார். நான் முன் அறையில் உட்கார்ந்து பெரிய குரலில் சொன்னேன்: "கொஞ்சம் லேட்டாவும்பா. இங்க ஏரிக்கு மதகு தொறக்கற உத்தியோகம். நாளுக்கு ஆறு வாட்டி. ஒரே பேஜாரு. கம்ப்யூட்டர் முன்னாடி குந்தினா மதகு, சோத்துல கை வெச்சா மதகு. எங்க மாமனாரு ஒருத்தர் போதும்பா, ஆரணிக்கே தண்ணிப் பஞ்சம் வராது."

அவர் வயிறு வலிக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கும் மாமனாருக்கும் நடுவே ஒரு கதவுகூடக் கிடையாது, திரைச்சீலைதான். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. இரண்டு மூன்று பேரிடம் அதே ஜோக்கை இன்னும் மெருகேற்றிச் சொன்னேன். நல்ல ஜோக்கை ஒரே தரம் சொல்லி விட்டுவிட எனக்கு மனசு வராது.

சித்திரை வெயில் உச்சத்தில் இருந்த ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு மதகு திறக்கப் போனேன். பையில் காலை பத்து மணிக்கு இருந்த அதே அளவு. உற்றுப் பார்த்தேன், தட்டினேன், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழேதான் தொங்கியது. டியூபை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினேன், எங்கும் மடிப்பில்லை. போர்வையை விலக்கினால் டியூபுக்குப் பக்கவாட்டில் கசிந்து படுக்கை நனைந்திருந்தது. வயிறு கல் மாதிரி.

"மாமா, வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல மாப்ள. நீங்க போயி வேலையப் பாருங்க" என்றார்.

இந்த இடத்தில் நிதானமான ஒரு மனிதன் என்ன செய்வான் என்பது எனக்குத் தெரியும். நான் செய்ததை மட்டும் எழுதுகிறேன். மனைவிக்குப் போன் போட்டேன். அவள் வகுப்பில் இருந்தாள், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஒன்பது தரம் போட்டதாகப் பிறகு சொன்னாள். கை கழுவினேன், கையுறை மாட்டினேன், எதற்காக மாட்டினேன் என்று மறந்து ஒன்றைக் கழற்றினேன். சிஸ்டரை அழைத்தேன். கலசப்பாக்கத்தில் ஒருவருக்கு டியூப் மாற்றிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கிறாராம்.

"ஊர நெருங்கிட்டேன். இருபது நிமிஷம். காய்ச்சல் கீதா பாரு. எதையும் புடிச்சி இழுக்காத. ஜல்தியா வரேன்."

தெர்மாமீட்டரைத் தேடினேன். கிடைத்தது. பதற்றத்தில் அதை என் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காய்ச்சலில்லை என்று ஆறுதலடைந்தேன். பிறகு அவருக்கு வைக்க வேண்டும் என்ற ஞானம் வந்து, அதற்குள் இருபது நிமிஷத்தில் உயிரே போய்விட்டால் என்ன செய்வது என்ற இன்னொரு ஞானமும் வந்து, தெருவுக்கு ஓடினேன். லுங்கி, பனியன், ஒரு கையில் மட்டும் நீல ரப்பர் உறை. எங்கள் தெருவில் மத்தியானம் தறிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. எதிர்வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"கைக்கு இன்னாய்யா ஆச்சி?"

பதில் சொல்லாமல் முனையில் நின்ற ஆட்டோவைக் கூட்டி வந்தேன். ஆட்டோக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏறி உக்காரு. எந்த ஆஸ்பத்திரி?"

"எனக்கில்லப்பா, உள்ள மாமனாருக்கு."

"அவரையும் கூப்புடு, ரெண்டு பேரும் போலாம். உன் மூஞ்சே சரியில்ல."

தன் பாட்டிலை நீட்டி என்னைத் தண்ணீர் குடிக்க வைத்தார். தண்ணீர் யாருக்குத் தேவைப்பட்டதோ அவரை விட்டுவிட்டு, அன்று இந்தத் தெருவில் தண்ணீர் குடித்தவன் நான் ஒருவன்தான்.

உள்ளே ஓடினேன். ஆட்டோ சத்தம் அவருக்குக் கேட்டிருந்தது. படுக்கையில் மல்லாந்து, இரண்டு கையையும் முதுகுக்குக் கீழே செருகி, அதன் மேல் தன் உடம்பின் கனத்தையெல்லாம் வைத்து அழுத்திக்கொண்டு கிடந்தார். யாரும் வெளியே இழுத்துக் கட்ட முடியாதபடி.

"ஆட்டோ வாணாம் மாப்ள" என்றார். இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் அவர் வேண்டாம் என்று சொன்ன முதல் விஷயம் அது.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "சிஸ்டர் வந்துகினு கீறாங்க மாமா. அவங்க பாத்து சொல்றவரைக்கும் எங்கயும் போவல" என்றேன். சொல்லிவிட்டு வாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டேன். ஸ்கூட்டி சத்தத்துக்காக வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றுதான்.

ஸ்கூட்டி வந்தது. சிஸ்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கை கழுவினார், பெட்டியைத் திறந்தார். சிரிஞ்சில் உப்புநீர் எடுத்து டியூப் வழியாக மெதுவாக விட்டுப் பார்த்தார். உள்ளே போகவில்லை. "அடைச்சிகினு கீது. மாத்திடலாம்" என்றார். பலூனில் இருந்த நீரை உறிஞ்சி எடுத்துப் பழைய டியூபை உருவினார். நான் சுவரைப் பார்த்து நின்றேன். மாமனாரும் சுவரைப் பார்த்துக் கிடந்தார். இந்த விஷயத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே கொள்கை. பழைய டியூபின் முனையில் மணலும் சுண்ணாம்பும் குழைத்த மாதிரி ஏதோ இறுகியிருந்தது. புது டியூப் போனதும் பை நிரம்ப ஆரம்பித்தது. டிகாக்‌ஷன் நிறம்.

மாமனார் ஒரு பெருமூச்சு விட்டார். அவருடைய கை இரண்டும் மெல்ல முதுகுக்கடியிலிருந்து வெளியே வந்தன.

சிஸ்டர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார், இந்தத் தடவை சரியான ஆளுக்கு. "காய்ச்சல் இல்ல. தப்பிச்சீங்க. ராத்திரி வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பாரு. குளிர் வந்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, திரும்ப நின்னுட்டாலோ யோசிக்காம கூட்டினு போயிடணும், யாரு வாணாம்னு சொன்னாலும்." கடைசி வாக்கியம் கட்டிலைப் பார்த்துச் சொன்னது. பிறகு என் பக்கம் திரும்பினார். "தண்ணி எவ்ளோ குடுக்கற?"

நான் பெருமையாக கிராப் தாளைக் காட்டினேன். ஆட்டோக்காரரும் உள்ளே வந்து எட்டிப் பார்த்து, "பார்டரு நல்லா கீதே" என்றார்.

சிஸ்டர் தாளையே பார்த்தார். "நாளுக்கு ரெண்டரை லிட்டர் உள்ள போவுது. அரை லிட்டர்தான் வெளிய வருது. மீதி எங்க போவுது தம்பி? வேத்து ஊத்தினாலும் இவ்ளோ போவாது. கால் வீங்கல, மூஞ்சி வீங்கல." அவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் ஜன்னலைப் பார்த்தார். அதனால் சிஸ்டரும் ஜன்னலைப் பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே, மதில் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு முழ இடம். அதில் தானாக முளைத்த ஒரு பப்பாளிக் கன்று. தெருவில் மரமெல்லாம் கருகி நிற்கிற சித்திரையில் அது மட்டும் கொழுகொழுவென்று குடை விரித்திருந்தது. அதன் அடியில் மண் சேறாக இருந்தது. போன வாரம்தான் என் மனைவி அதைக் காட்டி, "ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல, எப்படி வருது பாருங்க" என்று வியந்திருந்தாள்.

"பெரியவரே" என்றார் சிஸ்டர்.

மாமனார் போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "வீணாக்கலம்மா. செடிக்குத்தான் ஊத்தினேன்" என்றார்.

"உங்களுக்கு ஊத்தச் சொன்னத செடிக்கு ஏன் ஊத்தினீங்க?"

"மாப்ள பாவம்மா." என்னைப் பார்க்காமல் சொன்னார். "நாளுக்கு ஆறு வாட்டி மதகு தொறக்கறாரு. சோத்துல கை வெச்சா எழுந்து வராரு. வேலை கெட்டுப் போவுது, போன் மேல போன் வருது. நாம கொஞ்சம் கொறைச்சிக் குடிச்சா ரெண்டு வாட்டியோட முடிஞ்சிடும் இல்ல."

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "மதகா?"

என் ஜோக்கை வேறொருவர் வாயிலிருந்து, சிரிப்பை எடுத்துவிட்டுக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. ஒரு கையில் நீல உறையோடு நின்றேன். ஆட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பாட்டிலை நீட்டினார்.

சாயங்காலம் என் மனைவி வந்தாள். ஒன்பது அழைப்புகளைப் பார்த்துவிட்டு வழியெல்லாம் பதறிக்கொண்டே வந்தவள், அப்பாவைத் தொட்டுப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், கதையைக் கேட்டாள். என்னைச் சமையலறைக்கு வரச் சொன்னாள். திட்டுவாள் என்று தயாராகப் போனேன். திட்டவில்லை. அரிசியைக் களைந்துகொண்டே, "ஊர்ல எத்தனையோ பேரு பேச்சக் கேட்டு மனுசனுக்குத் தூக்கம் போயிருக்கு, சோறு போயிருக்கு. உங்க பேச்சக் கேட்டு ஒருத்தருக்கு ஒண்ணுக்கே நின்னுபோச்சி" என்றாள். அவளும் சிரிக்கவில்லை. நானும்.

மறுநாள் காலை அவள் பஸ் ஏறிய பிறகு மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்தேன். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். மூன்று விதமாக ஆரம்பித்தேன். மூன்றும் ஜோக்கில் போய் முடிந்தன. என் வாய்க்கு வேறு பாதை தெரியாது. தவிர, மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டால் அந்த மனிதர் டியூபோடு எழுந்து நின்றுவிடுவார். அது இன்னும் ஆபத்து.

கடைசியில் இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேவிகாபுரத்தில் அவர் என்னைத் தனியாகச் சாப்பிட விட்டதே கிடையாது. பசியில்லாவிட்டாலும் ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு தள்ளி உட்கார்ந்து பேருக்கு இரண்டு வாய் சாப்பிடுவார். மாப்பிள்ளை தனியாகச் சாப்பிட்டால் அந்த வீட்டுக்குக் குறை. எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் அது.

ஒரு டம்ளரை அவர் கையில் கொடுத்தேன். இன்னொன்றை நான் குடித்தேன். குடித்துவிட்டு அவரையே பார்த்தேன்.

அவர் தன் டம்ளரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கும் அவருக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வேறு வழியில்லாமல் குடித்தார்.

மணிக்கு ஒரு டம்ளர் என்று வைத்துக்கொண்டேன். அவர் ஒன்று, நான் ஒன்று. பதினொரு மணிக்கு நான் ஒரு தரம் பாத்ரூம் போனேன். பன்னிரண்டுக்கு இரண்டு தரம். ஒரு மணிக்குத் தறிக்காரரிடமிருந்து போன் வந்தபோது பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். ஐம்பத்திரண்டு வயது என் புராஸ்டேட்டுக்கும் ஆகியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தேன். மாமனார் காலை நீட்டிச் சௌகரியமாகப் படுத்திருந்தார். அவர் எழவும் வேண்டியதில்லை, ஓடவும் வேண்டியதில்லை. எல்லாம் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்களுக்கும் ஒண்ணு மாட்டச் சொல்லட்டுமா மாப்ள?" என்றார்.

அவரிடம் ஜோக் இருக்கிறது என்றே இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரியாது. நான்தான் இடமே கொடுக்கவில்லையே. அவர் வயிறு குலுங்கியது, டியூப் ஆடியது. "மாமா, டியூபு, டியூபு" என்று நான் பதறினேன். அதற்கும் சேர்த்துச் சிரித்தார்.

நாலு மணிக்குப் பையில் இருந்தது இளநீர் நிறம். முக்கால்வாசி நிரம்பியதும் முன் அறைக்குக் கேட்கிற மாதிரி குரல் வந்தது. "மாப்ள... மதகு."

கை கழுவிக்கொண்டு போய்த் திறந்தேன். வாயைத் திறக்கவில்லை. கிராப் தாளில் மஞ்சள் நிரப்பினேன். அன்றைக்கு நீலமும் மஞ்சளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. டிசைன் என்று பார்த்தால் பத்துப் பைசா பெறாது.

பையைக் காலி செய்த பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்தபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். பப்பாளி இலைகளெல்லாம் ஒரே நாளில் தொங்கிப்போயிருந்தன.

"மாப்ள" என்றார். கொஞ்சம் தயங்கினார். "அதுக்கு ஒரு சொம்பு ஊத்திட்டு வரீங்களா?"

சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.